வட்டவடை: பூக்காத ஆண்டுகளில் நடக்கும் வேலை

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பெருமளவு பூத்த ஆண்டுகள் 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. பூக்கிற ஆண்டில் மலையின் மேல் எல்லோருக்கும் அக்கறை வந்துவிடுகிறது. கேரளம், தமிழ்நாடு இரண்டு மாநில அரசுகளும் பேசும், பத்திரிகைகள் எழுதும், கல்லூரி மாணவர்கள் பை பையாகக் குப்பை பொறுக்குவார்கள். அந்த அக்கறை உண்மையானதுதான். ஆனால் குறிஞ்சி பிழைப்பதும் அழிவதும் தீர்மானமாவது நடுவில் வரும் பதினோரு ஆண்டுகளில். அந்த ஆண்டுகளில் மலையில் இருப்பது ஊர்க்காரர்கள் மட்டுமே. வெளியிலிருந்து வந்த ஆர்வலர்கள் எதைச் சாதித்தார்கள், எதை அவர்களால் சாதிக்க முடியவில்லை, ஊர் கைகொடுத்த பிறகு என்ன மாறியது என்று பார்ப்பதற்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வட்டவடை, கொட்டாக்கம்பூர் பகுதியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியாகப் போய், பாம்பாடும் சோலையைக் கடந்து இறங்கினால் கோவிலூர், வட்டவடை. பக்கத்திலேயே கொட்டாக்கம்பூர், சிலந்தியாறு, பழத்தோட்டம். தேவிகுளம் தாலுகாவில் இருந்தாலும் இங்கே வீட்டில் பேசுவது தமிழ். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் போடுகிறார்கள். காந்தளூர் - வட்டவடைப் பூண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் மலை. கிளாவரை, கவுஞ்சி, பூண்டி, மன்னவனூர். நடந்துபோய் உறவு பார்த்து வருகிற தூரம்தான். எல்லைக்கோடு காகிதத்தில் தெரியும் அளவுக்கு மலையில் தெரியாது.

தண்ணீரின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. வட்டவடையின் ஓடைகள் பாம்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. அவை சின்னாறு வழியாக இறங்கி அமராவதி அணைக்கு வருகின்றன. உடுமலையிலும் தாராபுரத்திலும் வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் புல்மேடுகளில் ஊறிக் கசிந்து வந்தது. ஆகவே வட்டவடையில் ஒரு சரிவில் புல் போனால் அது கேரளத்தின் கவலை மட்டும் இல்லை.

குறிஞ்சி ஒரு குட்டைப் புதர். பெரும்பாலும் முழங்கால் உயரம், நல்ல இடத்தில் அதற்கு மேலும் வளரும். கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டர் முதல் 2400 மீட்டர் வரையுள்ள புல்வெளிச் சரிவுகள்தான் அதன் வீடு. பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு கூட்டத்தின் செடிகள் எல்லாம் சேர்ந்து பூத்து, விதை விட்டு, சேர்ந்தே பட்டுப்போகும். விதை மண்ணில் விழுந்து, அடுத்த மழைகளில் முளைத்து, மறுபடி பன்னிரண்டு ஆண்டு. இடங்களுக்கிடையே கணக்கு மாறுவதும் உண்டு. ஒரு மலையில் பூக்காத ஆண்டில் இன்னொரு மலையில் பூக்கும். பழனி மலையின் பளியர்கள் இந்தப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்பார்கள். காவலுக்கு வருகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான்: முளைத்து இரண்டு மூன்று ஆண்டான இளம் செடிகள் மேல் ஒரு தீ ஓடினாலோ, மேலே மரம் வளர்ந்து நிழல் விழுந்தாலோ, அந்தச் சரிவின் அடுத்த பூப்பு அப்போதே போய்விட்டது. அது வெளியே தெரிய இன்னும் பத்து வருடம் ஆகும்.

சரி, புல்வெளி எப்படிச் சுருங்கியது? முதல் காரணம் வாட்டில். நீலகிரியில் சீகை மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது; தோல் பதனிடப் பட்டையும் எரிக்க விறகும் கிடைக்கும் என்று. சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறைகளே பெரிய அளவில் நட்டன. அன்றைய வனவியல் பார்வையில் புல்வெளி என்பது சும்மா கிடக்கும் நிலம். இரண்டாவது காரணம் யூக்கலிப்டஸ், இங்கே எல்லோர் வாயிலும் 'கிராண்டிஸ்'. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் செய்தித்தாள் காகித ஆலை 1980களில் ஓடத் தொடங்கிய பிறகு கூழ்மரத்துக்கு விலை கிடைத்தது. காட்டுப்பன்றி தின்னாது, உரம் வேண்டாம், ஆள் கூலி வேண்டாம். காய்கறி விலை விழுந்து நொந்துபோன விவசாயி பட்டா நிலத்தில் கிராண்டிஸ் வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஊற்றுகள் வற்றின என்று அதே விவசாயிகள்தான் முதலில் சொன்னார்கள்.

1989: நடைப்பயணம்

திருவனந்தபுரத்து வங்கி ஊழியர் ஜி. ராஜ்குமாரும் நண்பர்களும் 1989இல் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடந்தார்கள். 'குறிஞ்சியைக் காப்போம்' என்ற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. பணம் கொடுக்கப் பெரிய அமைப்பு எதுவும் பின்னால் இல்லாமல், விடுமுறை எடுத்துக்கொண்டு வந்த ஊழியர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் மலைமேல் நடந்தார்கள். எந்தச் சரிவில் குறிஞ்சி மிஞ்சியிருக்கிறது, எங்கே வாட்டில் ஏறிவிட்டது, எங்கே கஞ்சாத் தோட்டம் என்று நேரில் பார்த்து எழுதி, அரசுக்கு மனு கொடுத்தார்கள். அப்புறம் மறுபடியும் நடந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985இலேயே தொடங்கியிருந்தது. இரண்டு மலைப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் விழித்துக்கொண்டன என்பது தற்செயல் அல்ல. 1982இன் பூப்பைப் பார்த்தவர்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்த்திருந்தார்கள்.

அந்த இயக்கத்தின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு கோரிக்கையை ஒரு பூப்பு முழுக்கக் கொண்டுபோய் அடுத்த பூப்புவரை விடாமல் இருந்தார்கள். 2006இல் பலன் வந்தது. அந்த ஆண்டு குறிஞ்சிக்கு அஞ்சல் தலை வெளியானது. அக்டோபரில் கேரள அரசு, கொட்டாக்கம்பூரின் 58ஆம் நில அளவைப் பிளாக்கிலும் வட்டவடையின் 62ஆம் பிளாக்கிலும் சேர்த்துச் சுமார் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. ஒரு செடிக்காக ஒரு சரணாலயம். மனு எழுதி நடந்தே இதைச் சாதித்தார்கள் என்பது எந்தத் தன்னார்வக் குழுவுக்கும் தெம்பு தரும் செய்தி.

சிக்கல் அந்த அறிவிப்பின் தன்மையில் இருந்தது. வனவிலங்குச் சட்டப்படி முதலில் வருவது அரசின் நோக்கத்தைச் சொல்லும் அறிவிப்பு. அதற்குப் பின் அந்த எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்துத் தீர்த்து, பிறகுதான் இறுதி அறிவிப்பு. இந்த இரண்டாம் கட்டம் இழுத்துக்கொண்டே போனது. எல்லைக்குள் பட்டா நிலம் இருந்தது. அதில் சில உண்மையான பட்டா, தலைமுறையாக உழுதவை. சில மீது போலி என்ற குற்றச்சாட்டு. கிராண்டிஸ் போட்டு வைத்திருந்த வெளியூர்க்காரர்களின் நிலமும் அதற்குள் இருந்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய வேலை நடக்காமல், பதினோரு ஆண்டுக்குப் பின் 2017 டிசம்பரில் மூன்று அமைச்சர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். 2018 ஏப்ரலில், சரணாலயத்தின் பரப்பு 3200 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது என்று அமைச்சரவை முடிவெடுத்தது.

இத்தனை ஆண்டும் உழுது பிழைக்கும் சிறு விவசாயிக்கு என்ன ஆயிற்று? தன் நிலம் உள்ளேயா வெளியேயா என்று தெரியாது. வங்கிக் கடன், கிரயம், மகளுக்குச் சீர் எல்லாம் அந்தக் கேள்வியில் தொங்கும். கோவிலூர்க் கடைத்தெருவில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் குறிஞ்சி பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது, "பூவைக் காப்பாத்த வேண்டாம்னு யாரு தம்பி சொன்னா? எங்க காடு எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க" என்றார். "அது அதிகாரிங்க கையில இருக்கு பெரியம்மா" என்றேன். "அப்ப பூவும் அவங்க கையில இருக்கட்டும்" என்றார். அவரிடம் கோபம் இல்லை. ஆனால் இந்த மனநிலை ஊரில் பரவினால் குறிஞ்சிக்கு வேறு பகை தேவையில்லை. ராத்திரியில் சரிவில் தீ தெரிந்தால் ஓடிப்போய் அணைக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

சரணாலயம் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த 32 சதுர கிலோமீட்டரில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் எல்லை அளப்பது இயக்கத்தின் கோரிக்கையில் பூவுக்குச் சமமாக இருந்திருக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரனை நிச்சயமில்லாமல் விட்டுவிட்டு நிலத்தைக் காக்க முடியாது.

பழத்தோட்டம்: தீக்குப் பின்

இனி இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் பகுதி. வட்டவடைக்குப் பக்கத்தில், 2003இல் அறிவிக்கப்பட்ட ஆனைமுடி சோலைத் தேசியப் பூங்காவின் எல்லையில் பழத்தோட்டம் இருக்கிறது. இங்கே பழைய வாட்டில் தோட்டங்கள் கிடந்தன. 2019இல் பெரிய தீ ஓடி அந்த மரங்களைக் கருக்கியது.

வாட்டிலைப் பற்றித் தெரிந்தவர்கள் தீ முடிந்ததும் நிம்மதி அடைய மாட்டார்கள். வாட்டில் விதையின் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் செத்துப்போகாமல் கிடக்கும். தீயின் சூடு அந்தத் தோலை உடைத்துவிடும். எரிந்த இடத்தில் முதல் மழைக்கே கீரைப்பாத்தி போல நெருக்கமாக முளைத்து வரும். அப்படியே விட்டால் ஐந்தாறு வருடத்தில் முன்னைவிட அடர்ந்த வாட்டில் காடு. ஆகவே தீக்குப் பிந்தைய அந்தச் சில மாதங்கள் ஒரு வாய்ப்பு. தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பழத்தோட்டத்தில் வனத்துறை அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்களைக் கொண்ட ஹரித வசந்தம் என்ற சூழல் மேம்பாட்டுக் குழு வேலையை எடுத்துக்கொண்டது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவும் இருந்தது. கருகிய மரங்களை அகற்றுவது, முளைத்த கன்றுகளைப் பிடுங்குவது, நாட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்துச் சரிவில் நடுவது என்று வேலை போனது. ஊர்ப் பெண்களின் கை இதில் பெரியது. புல்லுக்கு நாற்றங்கால் என்று கேட்டால் வெளியூரில் சிரிப்பார்கள்; மரம் நடுவதுதான் நமக்குப் பழக்கமான சேவை. ஆனால் ஒரு புல்மேடு அழிந்த இடத்தில் மரக்கன்று நட்டால் அழிவை நாமே முடித்துவைக்கிறோம். இங்கே தேவை புல். அருகில் மிஞ்சியிருக்கும் நல்ல புல்மேட்டிலிருந்து தூர் எடுத்து, பிரித்து, வேர் பிடிக்கவைத்து, மழைக்காலத்தில் வரிசையாகச் சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். முதல் ஆண்டு மண் அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் வாட்டில் கன்று வரும். ஒவ்வொரு மழைக்கும் பிடுங்க வேண்டும். படம் எடுத்துப் போட்டால் எந்த அழகும் தெரியாத வேலை இது.

புல் பிடித்த சரிவுகளின் கீழே ஓடைகளில் தண்ணீர் நீண்ட நாள் நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காரணம் புரியாத விஷயம் இல்லை. அடர்ந்த வாட்டில் காடு ஆண்டு முழுக்க மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். புல் அவ்வளவு குடிக்காது. மழையை மெதுவாக மண்ணுக்குள் விட்டு, பள்ளத்தில் உள்ள சோலைக்கு, அதாவது நாட்டு மரங்கள் அடர்ந்த மலைக்காட்டுக்கு, கொடுத்து, ஓடையாகக் கசியவிடும்.

இந்த முயற்சி நிலைத்து நின்றதற்குக் கூலி ஒரு முக்கியமான காரணம். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேரட் அறுவடை நேரத்தில் ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு அந்த நாளின் வருமானம் கொடுத்தாக வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் மலைவாசிகளிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பதும், வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சான்றிதழும் சாப்பாடும் கொடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. பழத்தோட்டத்தில் ஊர்க்காரர் வேலை செய்பவராகவும், வேலையைத் தீர்மானிப்பவராகவும் இருந்தார். இரண்டாவதற்குத்தான் அதிக மதிப்பு.

வாட்டிலை எங்கும் வெட்டித் தள்ளுவது சரியா என்பதில் கொடைக்கானல் பக்கத்து அனுபவத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னது இது: பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தானாக வளர்கின்றன, அங்கே மேலே உள்ள வாட்டிலை ஒரே வெட்டாக வெட்டினால் கீழே எழும் சோலையும் போய்விடும். புல்மேட்டுக்குள் புதிதாக நுழையும் வாட்டிலைத்தான் முதலில் தடுக்க வேண்டும். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. கத்தியோடு கிளம்பும் எந்தக் குழுவும் முதலில் அந்தச் சரிவில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். கேரளம் 2021இல் வெளியிட்ட காட்டுச் சூழல் மீட்புக் கொள்கை அயல் மரத் தோட்டங்களைப் படிப்படியாக நீக்கச் சொல்கிறது. இருந்தும் 2024 மே மாதம் வன மேம்பாட்டுக் கழகம் மீண்டும் யூக்கலிப்டஸ் நடலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அது திருத்தப்பட்டது. கொள்கை இருந்தாலும் கண்காணிக்க ஆள் வேண்டும்.

பூப்பு வரும்போது

2018இல் பூப்பு உச்சத்துக்கு வரவேண்டிய ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன. எதிர்பார்த்த கூட்டம் மூணாறுக்கு வரவில்லை. அது மக்களுக்குப் பெரும் துயரம். மலைக்கு என்ன சோதனை வந்திருக்கும் என்பதை அந்த ஆண்டை வைத்து அறிய முடியாமல் போனது. அதை 2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறை மலை காட்டியது. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. மலை முழுக்கப் பூத்தது தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பூவைப் பறித்தார்கள், செடிகளுக்கு நடுவே மிதித்துப் படம் எடுத்தார்கள், தண்ணீர் பாட்டில்களைப் போட்டுப் போனார்கள். விதை விடும் முன்பே மிதிபட்டு முறிந்த செடிக்கு அடுத்த தலைமுறை கிடையாது. பாட்டிலை நாளைக்குப் பொறுக்கலாம். இதை எவரும் திருப்பித் தர முடியாது. ஆகவே பூப்பு ஆண்டில் தன்னார்வலரின் முதல் வேலை பாதையில் நின்று ஆளை ஒழுங்குபடுத்துவது என்று நான் கருதுகிறேன். குப்பை அதற்குப் பின்.

சட்டப் பாதுகாப்பு இப்போது கூடியிருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்ந்துவிட்டது. 2023 முதல் நடைமுறை. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் முதல்முறையாக அதை மதிப்பிட்டு, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று வகைப்படுத்தியது. இவை நல்ல கருவிகள். பறிக்கிறவரைத் தடுக்கும்போது சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் வாட்டில் கன்றுக்கோ தீக்கோ சட்டம் தெரியாது.

2030க்கு முன் என்ன செய்யலாம் என்று கேட்கும் குழுக்களுக்கு இந்த ஊரின் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள் சொல்வேன். மலையின் நாட்காட்டிக்கு நாம் வர வேண்டும். நம் விடுமுறைக்கு மலை வராது. வாட்டில் கன்று பிடுங்க மழைக்காலம்தான் நேரம். மண் இளகியிருக்கும், வேரோடு வரும். கோடையில் பிடுங்கினால் தண்டு முறிந்து வேர் தங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் வட்டவடையில் உறைபனி விழும். பனியில் கருகிய புல் பிப்ரவரிக்குள் காய்ந்து தீக்குச்சிக்குக் காத்திருக்கும். தீத்தடுப்புக் கோடு வெட்டி முடிக்க வேண்டியது அதற்கு முன்பு. தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. ஊர்க்குழு கூப்பிடும்போது போவதே மரியாதை, பாதுகாப்பும்கூட. பெரிய மரம் சாய்ப்பது பழகியவர்களின் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ய வேண்டியது இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் ஆதங்கம். கிளாவரைப் பக்கம் பிடிக்கும் தீ கொட்டாக்கம்பூர்ச் சரிவில் ஏறும். இங்கே முளைத்த வாட்டில் அங்கே விதை தூவும். கொடைக்கானல் பக்கம் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம், இந்தப் பக்கம் குறிஞ்சிமலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும் காடு. ஆனால் தீக் காவலுக்கு இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஒரு கூட்டம் கிடையாது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஜனவரி மாதம் கோவிலூரில் ஒரு கூட்டம், கிளாவரையில் ஒரு கூட்டம், இரண்டு வனச்சரக அலுவலர்கள், இரண்டு ஊரிலும் தீ பார்க்கத் தெரிந்த பெரியவர்கள், புகை தெரிந்தால் யார் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று ஒரு தாள். அமராவதிப் பாசன விவசாயிகள் சங்கங்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்து, தீக் காவலர்களின் இரண்டு மாதக் கூலியில் ஒரு பங்கை ஏற்றால் அது நன்கொடை ஆகாது. அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கான செலவு அது. உடுமலையில் இருக்கும் நண்பர்களிடம் இதை நான் பேசத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த உறைபனிக்கு முன் முதல் கூட்டம் கூட வேண்டும்.